சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ – சித்திரங்களுக்காகவே வாங்க வேண்டிய புத்தகம்

அட்டையில் டாம் கிங் பெயரைப் பார்த்ததும் பாய்ந்து எடுப்பவர்களும் உண்டு, அப்படியே கீழே வைத்துவிடுபவர்களும் உண்டு. சமீப வருடங்களில் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ரசிகர்களுக்குள் இந்த அளவு சண்டையைக் கிளப்பிவிட்ட கதாசிரியர் வேறு யாரும் இல்லை என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எனக்கு அவரைப் பிடிக்கும், என் தம்பிக்கு ஆகவே ஆகாது. "அக்கா, இந்தாளு கையில யாரைக் குடுத்தாலும் அழவச்சுட்டுத்தான் விடுவான்" என்பது அவன் நிரந்தரப் புகார். ஆனால் 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ' என்றால் மட்டும் இரண்டு பேரும் தகராறு இல்லாமல் ஒத்துப்போகிறோம். அதற்குக் காரணம் கிங் அல்ல. ஓவியர் பில்கிஸ் எவெலி.

2021 ஜூனில் தொடங்கி 2022 தொடக்கம் வரை எட்டு இதழ்களாக அமெரிக்கக் காமிக்ஸ் நிறுவனமான டிசி வெளியிட்ட தொடர் இது. இப்போது ஒரே புத்தகமாகக் கிடைக்கிறது. 2026 ஜூன் வெளியீடாக அறிவிக்கப்பட்ட, மில்லி ஆல்காக் நடிக்கும் 'சூப்பர்கேர்ள்' படத்துக்கும் அடிப்படை இந்தக் கதைதான். அதனால் சூப்பர்கேர்ளை இதுவரை தொடாதவர்கள்கூட இதை எங்கே ஆரம்பிப்பது, எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். நேராக இதிலேயே ஆரம்பிக்கலாம். முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். தெரிய வேண்டியதைப் புத்தகமே சொல்லிவிடும்.

கதை சின்னதுதான். சிவப்புச் சூரியன் காயும் ஒரு கிரகத்தில் ரூத்யே என்ற சிறுமி. கிரெம் என்பவன் அவள் அப்பாவைக் கொன்றுவிட்டுப் போய்விட்டான். பழிவாங்க ஆள் தேடி ஒரு மதுக்கடைக்கு வருகிறாள். அங்கே சூப்பர்கேர்ள், அதாவது அழிந்துபோன கிரிப்டான் கிரகத்திலிருந்து தப்பி வந்த காரா, தன் 21வது பிறந்தநாளுக்குக் குடித்துக்கொண்டிருக்கிறாள். மஞ்சள் சூரியனுக்குக் கீழே இருக்கும்வரை அவளுக்குப் போதை ஏறாது. சிவப்புச் சூரியன் என்றால் சக்தி போய்விடும், சாதாரண மனுஷியைப் போலக் குடித்துத் தள்ளாடலாம். அதற்காகவே கூடவே நாய் கிரிப்டோவையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். அப்புறம் கிரெம் திரும்பி வருகிறான், அம்பு பாய்கிறது, கிரிப்டோவின் உடம்பில் விஷம் ஏறுகிறது, காராவின் விண்கலத்தையும் அவன் ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். நாயைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவனைப் பிடித்தாக வேண்டும். சிறுமியும் சூப்பர்கேர்ளும் அவனைத் துரத்திக் கிளம்புகிறார்கள்.

இதைச் சொல்வது வயதான ரூத்யே. பழங்காலப் பாணியில், நீண்ட நீண்ட வாக்கியங்களாக, ஒரு நினைவுக் குறிப்பைப் போல எழுதிக்கொண்டு போகிறாள். இந்த மொழிநடை பிடித்தால் புத்தகம் பிடிக்கும், பிடிக்காவிட்டால் முதல் இதழிலேயே மூச்சு முட்டும். பக்கத்துக்குப் பக்கம் விவரிப்புப் பெட்டிகள். ஒரு சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இவ்வளவு உரைநடையா என்று தம்பி முகம் சுளித்தான். அவன் சொன்னது நியாயம்தான். இரண்டாவது இதழில் காராவும் ரூத்யேயும் விண்வெளிப் பேருந்து ஏறிப் போகும் பகுதியில், பாதிப் பெட்டிகளை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறைந்துபோகாது. படம் ஏற்கெனவே சொல்லிவிட்டதை வார்த்தை இன்னொரு தடவை சொல்கிறது.

சரி, இப்போது எவெலிக்கு வருகிறேன். நானும் பேனாவும் மையும் வைத்து வரைகிற ஆள் என்பதால், எந்தக் காமிக்ஸைத் திறந்தாலும் கதைக்கு முன்னால் கோடுதான் கண்ணில் படும். எவெலி பென்சிலும் மையும் தானே போடுகிறவர். பிரேசில்காரர். இதற்கு முன்னால் கிரெக் ருக்கா எழுதிய 'வொண்டர் வுமன்' இதழ்களுக்கும், சைமன் ஸ்பரியரின் 'தி ட்ரீமிங்' தொடருக்கும் வரைந்தவர். 'தி ட்ரீமிங்'கில் கனவுலகம் என்பதால் கை போன போக்கில் அலங்காரமாக வரைய இடம் இருந்தது. அந்தச் செழிப்பை ஒரு சூப்பர்ஹீரோ கதைக்குள் கொண்டுவர முடியும் என்று யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சூப்பர்ஹீரோ சித்திரங்களில் பொதுவாக வெளிக்கோடு தடிமனாக, தசை தசையாக, உருவம் பின்னணியிலிருந்து பிய்ந்து வருகிற மாதிரி இருக்கும். எவெலியின் கோடு மெல்லியது. தலைமுடியில் ஓடுகிற அதே கோடு மேலங்கியின் மடிப்பிலும் ஓடும், மேகத்திலும் ஓடும். நிழலை ஒட்டுமொத்தக் கறுப்பாக அப்பிவிடாமல், அடுத்தடுத்துப் போட்ட சின்னக் கீற்றுகளாலேயே கொண்டுவருகிறார். காராவின் தோளிலிருந்து தொங்கும் மேலங்கியை மட்டும் தனியாகப் பார்த்துக்கொண்டே எட்டு இதழையும் புரட்டிப் பாருங்கள். அது எங்கேயும் வெறும் சிவப்புத் துணியாகத் தொங்குவதில்லை. அவள் சோர்ந்திருந்தால் துணியும் சோர்ந்திருக்கிறது, அவள் கோபமாகத் திரும்பினால் துணி அரைவட்டம் போட்டு அவளுக்குப் பின்னால் வருகிறது. முகம் தெரியாத கட்டங்களில்கூட அவள் மனநிலை தெரிந்துவிடுகிறது. இதை வார்த்தையில் எழுதிக் கொடுக்க முடியாது. வரைகிறவர் அந்தப் பாத்திரத்தை உள்ளுக்குள் வாங்கியிருந்தால் மட்டும் வரும்.

இன்னொன்று, வயது. 21 வயதுப் பெண் 21 வயதுப் பெண்ணாகவே இருக்கிறாள். சிறுமி சிறுமியாகவே இருக்கிறாள். கேட்கச் சின்ன விஷயம். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் பெண்களை வரைந்த வரலாற்றைப் பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்று தெரியும். ரூத்யே நிமிர்ந்து பார்த்துப் பேசுவதும், காரா பதில் சொல்வதற்கு முன்னால் பார்வையைத் தாழ்த்துவதும், உயர வித்தியாசத்தை வைத்தே ஒரு உறவை வளர்த்துக்கொண்டு போகிறார் எவெலி. முதல் இதழில் அந்தச் சிறுமி அவளுக்கு ஒரு தொந்தரவு. நாலாவது இதழுக்கு வரும்போது இருவரும் நிற்கிற இடைவெளியே மாறியிருக்கிறது.

மூன்றாவது இதழ்தான் எனக்கு மனதில் ஆழமாகப் பதிந்தது. கிரெமைத் தேடிக்கொண்டு மேபோல் என்ற ஊருக்குப் போகிறார்கள். 1950களின் அமெரிக்கச் சிற்றூர் மாதிரியான இடம். சுத்தமான வீடுகள், மரியாதையாகப் பேசும் மனிதர்கள். எல்லோரும் நீல நிறத்தவர். ஊரே சிரிக்கிறது, ஆனால் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது: அந்த ஊரில் ஊதா நிறத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். கிரெம் சேர்ந்துகொள்ளும் கொள்ளைக் கூட்டம் வந்தபோது, தங்கள் உயிருக்கு விலையாக நீல மனிதர்கள் அவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். இந்த உண்மையைச் சொல்ல ஒரு பெரிய சண்டைக் காட்சி இல்லை. எதிரி என்று அடிப்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை. மலையை நகர்த்தக்கூடிய கை ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கிறது. இந்த அத்தியாயத்தில் கிங் தன் வேலையை மிகச் சரியாகச் செய்திருக்கிறார் என்பதைத் தம்பியும் ஒப்புக்கொண்டான். ஊர்க்காரர்களின் நாகரிகமான பேச்சும், எவெலி வரைந்திருக்கும் ஒழுங்கான தெருவும் சேர்ந்து வயிற்றைப் பிசைகின்றன. வார்த்தையும் படமும் ஒன்றையே சொல்லாமல், ஒன்று மறைப்பதை இன்னொன்று காட்டிக்கொடுக்கிற இடங்களில்தான் இந்தப் புத்தகம் உச்சத்துக்குப் போகிறது. மேபோல் முழுக்க அப்படித்தான்.

வண்ணத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மத்தியுஸ் லோபெஸ் இல்லாமல் இந்தப் புத்தகம் பாதிப் புத்தகம். ஒவ்வொரு கிரகத்துக்கும் ஒரு சூரியன், ஒவ்வொரு சூரியனுக்கும் ஒரு வெளிச்சம் என்பதுதான் கதையின் அடிப்படை விதி. சூரியன் மாறினால் கதாநாயகியின் பலமே மாறிவிடும். அதனால் இங்கே வண்ணம் அலங்காரத்துக்கு இல்லை, கதை அதை நம்பித்தான் நடக்கிறது. பக்கத்தைத் திருப்பியதும் வானத்தைப் பார்த்தாலே காராவால் பறக்க முடியுமா முடியாதா என்று தெரிந்துவிடும்.

அதன் உச்சம் ஐந்தாவது இதழ். கிரெம் ஒரு மந்திரக் கோளத்தின் உதவியால் இருவரையும் பச்சைச் சூரியன் உள்ள ஒரு கிரகத்துக்குத் தள்ளிவிடுகிறான். காரா மாதிரி கிரிப்டோனியர்களுக்குக் கிரிப்டோனைட் என்ற கல் எப்படி விஷமோ, அப்படித்தான் அந்தச் சூரியனும். அது மறையும்வரை காரா உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். சுற்றிலும் கொடிய விலங்குகள். காவலுக்கு இருப்பது ரூத்யே மட்டும். இதுவரை யார் யாரைக் காப்பாற்றினார்களோ அது அப்படியே தலைகீழாகிறது. பச்சை வெளிச்சம் பக்கம் முழுவதும் ஊறி, காராவின் தோலுக்குள்ளும் இறங்குகிறது. அவளுக்கு வலிக்கிறது என்று யாரும் எழுதிக் காட்டத் தேவையே இல்லை. லோபெஸின் பச்சையில் ஒரு நோய்த்தன்மை இருக்கிறது, காட்டின் பச்சையோடு அது ஒட்டவே ஒட்டாது. பச்சைக்குள் பச்சையை இப்படிப் பிரித்துக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பது வண்ணம் தொட்டவர்களுக்குப் புரியும். நேரம் நகர்வதை மட்டும் பின்தொடர்கிற ஒரு அத்தியாயம், ஒரு சிறுமி, ஒரு வாள். இந்தப் புத்தகத்திலேயே விறுவிறுப்பான இதழ் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வசனத்தையும் விவரிப்பையும் பக்கத்தில் எழுத்தாகப் பதிக்கிற வேலை கிளேட்டன் கவுல்ஸுடையது. இவ்வளவு உரைநடையை எவெலியின் முகங்களை மறைக்காமல் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார். பெட்டிகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போகும்போது கண் தானாகவே பார்க்க வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது. பாராட்டுக் கிடைக்காத வேலை இது, அதனால் பெயர் சொல்கிறேன்.

ஆறாவது இதழில் காரா தன் பழைய கதையைச் சொல்கிறாள். ஆர்கோ நகரம். கிரிப்டான் வெடித்தபோது தப்பிய ஒரே துண்டு. மேலே கூடாரம், கீழே கிரிப்டோனைட்டாக மாறிக்கொண்டிருக்கும் மண், அதன் மேல் ஈயத் தகடு. 1959இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' 252வது இதழில் ஓட்டோ பைண்டரும் ஆல் பிளாஸ்டினோவும் காராவை அறிமுகப்படுத்தியபோதே கிட்டத்தட்ட இந்த விவரம் இருந்தது. அன்று சில கட்டங்களில் கடந்துபோன அதே விஷயத்தைக் கிங் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். சூப்பர்மேன் குழந்தையாகக் கிளம்பிவிட்டார், அவருக்குக் கிரிப்டான் ஒரு கதை. இவளுக்கு அது வீடு. அம்மா, அப்பா, அக்கம்பக்கத்தவர் என்று ஒவ்வொருவராகப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். சூப்பர்கேர்ள் என்றால் "சூப்பர்மேனின் சொந்தக்காரப் பெண்" என்று தாண்டிப்போகிறவர்களுக்கு இந்த ஒரு இதழைக் கொடுங்கள், போதும்.

ரசிகர்களுக்குள் இந்தப் புத்தகம் பற்றிய பெரிய விவாதமும் இதை ஒட்டித்தான். பல வருடமாகச் சூப்பர்கேர்ள் படித்து வந்த நிறையப் பேர் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. இவள் குடிக்கிறாள், திட்டுகிறாள், எரிந்து விழுகிறாள், எங்கள் காரா இப்படி இல்லை என்கிறார்கள். கிங் மேல் உள்ள பழைய கோபமும் சேர்ந்துகொள்கிறது. 2018இல் 'பேட்மேன்' 50வது இதழில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுக் கல்யாணம் நடக்காமல் போனது, அப்புறம் 'ஹீரோஸ் இன் க்ரைசிஸ்'இல் ஃப்ளாஷாக இருந்த வாலி வெஸ்ட்டுக்கு நேர்ந்தது. இரண்டையும் ரசிகர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. என் தம்பியும் அந்தக் கட்சிதான். "எல்லாருக்கும் ஒரே மனக்காயத்தை ஒட்டிவிடுறான், பேட்மேன், மிஸ்டர் மிராக்கிள், எல்லாம் ஒரே ஆள் மாதிரிதான் பேசுறாங்க" என்பான்.

இதில் பாதிக்கு நானும் உடன்படுகிறேன். கிங்கின் பாத்திரங்கள் ஒரே தாளத்தில் பேசுகிற பழக்கம் உண்டு. மிட்ச் ஜெராட்ஸோடு செய்த 'மிஸ்டர் மிராக்கிள்'இல் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்கிற அமைப்பும் அந்தத் தாளமும் பொருந்திப்போயின. பிறகு வந்தவற்றில் அது ஒரு பாணியாகவே இறுகிவிட்டது. ஆனால் இந்தப் புத்தகத்தில் அந்த ஒன்பது கட்டச் சட்டகம் இல்லை. எவெலிக்குப் பக்கம் அகலமாகத் திறந்திருக்கிறது. கதை சொல்வதும் ரூத்யே, தனக்கென்று ஒரு பேச்சு உள்ளவள். அதனால் கிங்கின் வழக்கமான குரல் அவள் குரலுக்குள் அடங்கிவிடுகிறது. காராவின் கசப்பு பற்றி என் கருத்து இதுதான்: முதல் இதழை மட்டும் பார்த்தால் புகார் நியாயம், எட்டு இதழையும் பார்த்தால் இல்லை. நாலாவது இதழில் கொள்ளைக் கூட்டம் அழித்துவிட்டுப் போன இடங்களின் வழியாகப் போகும்போது, தப்பிப் பிழைத்தவர்களிடம் அவள் நடந்துகொள்கிற விதத்தைப் பாருங்கள். கோபக்காரிதான். அந்தக் கோபத்தோடேயே ஒவ்வொரு முறையும் அன்பைத் தேர்ந்தெடுக்கிறாள். வலியே தெரியாத ஒருத்தி அன்பாக இருப்பதைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

பளிச்சென்று சிரிக்கும் சூப்பர்கேர்ள்தான் வேண்டும் என்பவர்கள் 2025 மே மாதம் தொடங்கிய சோஃபி கேம்ப்பெல்லின் 'சூப்பர்கேர்ள்' தொடரைப் படிக்கலாம். எழுத்தும் சித்திரமும் அவரே. உருண்டையான, துள்ளலான கோடு. காரா மிட்வேல் என்ற ஊருக்குத் திரும்புகிறாள், கதை சந்தோஷமாகப் போகிறது. இரண்டில் எது உண்மையான சூப்பர்கேர்ள் என்று சண்டை போடுவதில் எனக்கு ஈடுபாடு இல்லை. இரண்டு நல்ல ஓவியர்களுக்கு ஒரே பாத்திரம் கிடைத்திருக்கிறது, வாசகருக்கு லாபம்.

குறைகள் உண்டு. கிரெம் ஒரு வில்லனாக நிற்கவில்லை. கோழை, கொடூரன், அவ்வளவுதான். அவன் சேர்ந்துகொள்ளும் கொள்ளைக் கூட்டத்துக்கும் முகம் கிடையாது. அவர்கள் செய்யும் அட்டூழியங்களின் எண்ணிக்கை ஏற ஏற, ஒரு கட்டத்துக்கு மேல் பாதிப்பு குறைய ஆரம்பித்துவிடுகிறது. மேபோல் என்கிற ஒரே ஊர் செய்த வேலையை, பின்னால் வரும் பல உலகங்கள் சேர்ந்தும் செய்யவில்லை. ஏழாவது இதழின் பெரிய மோதல் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அதற்குள் முடிவை நோக்கி ஓடுகிற அவசரம் தெரிகிறது. அதில் பழைய சூப்பர்கேர்ள் கதைகளிலிருந்து ஒரு குதிரை வருகிறது. விஷயம் தெரிந்தவர்கள் துள்ளிக் குதிப்பார்கள், தெரியாதவர்கள் இது எங்கிருந்து வந்தது என்று விழிப்பார்கள்.

முடிவைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. கிரெமை என்ன செய்வது என்ற கேள்விக்கு எட்டாவது இதழ் தரும் பதிலை வைத்து நானும் தம்பியும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். அவனுக்கு அது ஏமாற்று வேலை. எனக்கு, யார் எழுதியதை நாம் இவ்வளவு நேரம் நம்பிப் படித்தோம் என்று திரும்பி யோசிக்க வைத்த இடம். படித்துவிட்டு நீங்களே ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். கையடக்க அளவில் காமிக்ஸ் வெளியிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. நிறையப் புத்தகங்களுக்கு அது வசதிதான். இதற்கு வேண்டாம். எவெலியின் மெல்லிய கீற்றுகள் அளவு குறைந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், எழுத்தும் பொடியாகிவிடும். முழு அளவுப் பதிப்பையே தேடுங்கள். ஒட்டிக் கட்டிய மெல்லிய அட்டைப் புத்தகத்தில் விரிபக்கப் படங்களின் நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும், அதனால் கெட்டி அட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. திரையில் படிப்பதானால் கைப்பேசி வேண்டாம், பெரிய டேப்லெட்டில் முழுப் பக்கமாகப் பாருங்கள். கட்டம் கட்டமாக நகர்த்திக் காட்டுகிற வசதியை அணைத்துவிடுங்கள். பக்கத்தின் அமைப்பைத்தான் எவெலி வரைந்திருக்கிறார், துண்டு துண்டாகப் பார்த்தால் அது தெரியாது.

ஒரே மூச்சில் படிக்கவும் வேண்டாம். ஒரு உட்காரலுக்கு ஒன்றிரண்டு இதழ் போதும், அதற்கு மேல் போனால் ரூத்யேயின் வாக்கியங்கள் களைப்பாக்கிவிடும். முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாவது தடவை விவரிப்புப் பெட்டிகளை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். முக்கால்வாசிக் கதை அப்படியே புரியும்.

பிடித்துப்போனால், இதே கூட்டணி, கிங், எவெலி, லோபெஸ், கவுல்ஸ் நால்வரும் சேர்ந்து 2024இல் டார்க் ஹார்ஸ் வெளியீடாகக் கொண்டுவந்த 'ஹெலன் ஆஃப் விண்ட்ஹார்ன்' இருக்கிறது. சூப்பர்ஹீரோ கதை அல்ல, ஆறு இதழ்கள். எவெலி அதில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார். இந்தத் தடவை வாங்கச் சொன்னது தம்பிதான்.